பர்ரன் பைத்தியம்

சுமதி,

உன் கடிதம் வந்து எவ்வளவோ நாளாகிவிட்டது. திட்டி முடித்துவிட்டு மேலே படி. இவருக்கு முட்டிவலி பழையபடி, இங்கே மழையும் பழையபடி.

எனக்கு இப்போது பர்ரன் பைத்தியம். அயர்லாந்தில், கிளேர் மாவட்டத்தின் வடக்கே, கண்ணுக்கெட்டிய தூரம் சுண்ணாம்புப் பாறை. பெயரே ஐரிஷில் பாறை நிலம் என்றுதான். 1651-இல் வந்த லட்லோ என்ற ஆங்கிலத் தளபதி, இங்கே ஒருவனை மூழ்கடிக்கத் தண்ணீர் இல்லை, தூக்கில் போட மரம் இல்லை, புதைக்க மண் இல்லை என்று எழுதிவைத்தான். என்ன வேலையாக வந்த ஆள் என்று தெரிகிறதல்லவா! ஆனால் பாறை இடுக்கெல்லாம் நல்ல புல். மற்ற இடங்களில் கோடையில் மாட்டை மேட்டுக்கு ஓட்டுவார்கள், இங்கே குளிர்காலத்தில் ஓட்டுகிறார்கள். பாறை சூட்டைப் பிடித்து வைத்துக்கொள்ளுமாம்.

ஊர்ப் பெயர் கேஹர் என்று தொடங்கினால் கற்கோட்டை, லிஸ் என்றால் வட்டக்கோட்டை, கில் என்றால் சர்ச். 1839-இல் நில அளவைக்காக ஓடோனவனும், இந்த மாவட்டத்துக்காரரேயான ஓகரியும் பெயர்களை விசாரித்து எழுதினார்கள். ஜெயந்தி டீச்சர் இருந்தால் என்னைப் பரீட்சை எழுத வைத்திருப்பார்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். புல்னப்ரோன் என்று ஒரு கல்திட்டை, பெரிய கற்களை நிறுத்தி மூடிய பழங்காலச் சமாதி. பெயருக்கு அர்த்தம் 'சோகக் குழி' என்று சுற்றுலாக்காரர்களிடம் சொல்லி உருக வைக்கிறார்கள். உண்மையில் திருகைக் குழி, மாவரைக்கும் திருகை! 1986-இல் அங்கே தோண்டியபோது முப்பதுக்கும் மேற்பட்டவர்களின் எலும்புகள் கிடைத்தன. பலர் முப்பது வயதைத் தாண்டவில்லை. ஒருவர் இடுப்பெலும்பில் கல்லாயுத முனை ஒடிந்து நிற்கிறது.

அந்த எலும்புகளில் ஆறு மாத ஆண் குழந்தை ஒன்றும் இருந்தது. 2020-இல் மரபணுவைப் பார்த்துச் சொன்னார்கள், அதற்கு டவுன் சிண்ட்ரோம். ஏறக்குறைய 5,500 வருஷத்துக்கு முந்திய குழந்தை. தாய்ப்பால் குடித்த அடையாளம் எலும்பில் இருக்கிறது. எல்லோரோடும் அதே திட்டைக்குள்தான் வைத்திருக்கிறார்கள், ஒதுக்கவில்லை. அந்த வரியைத் தாண்டிப் படிக்க முடியவில்லை, சுமதி. உங்கள் பாபுதான் கண்ணுக்குள் நின்றான்.

கல்யாணத்துக்கு அவனைக் கூட்டி வராதே என்ற உன் பெரியம்மாவிடம் இதைப் படித்துக் காட்டு. கோபித்துக்கொண்டால் என் பெயரைச் சொல், என்மேல் ஏற்கெனவே நல்ல அபிப்பிராயம் கிடையாது. போகும்போது பாபுவையும் கூட்டிக்கொண்டு போ. அவன் பட்டு வேட்டி கட்டிய படம் எனக்கு வேண்டும்.

உன்,
மல்லி