மீட்ட விளக்கை எப்போது தருவீர்கள்? சட்டமன்ற உறுப்பினர்களுக்கு ஒரு திறந்த மடல்

மாண்புமிகு தமிழ்நாடு சட்டமன்ற உறுப்பினர்களுக்கு வணக்கம்.

சட்டம் ஒழுங்கு, பொதுப் பாதுகாப்பு, தண்டனையைக் கூட்டுவது என்று நீங்கள் பேசுவதையெல்லாம் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறோம். செட்டிநாட்டில் பூட்டிக் கிடக்கும் வீடுகளில் நடக்கும் களவு உங்களுக்குத் தெரியாததல்ல, அதனால் அந்தக் கதையை நான் விரிக்கவில்லை. களவு போய்ப் போலீஸ் மீட்ட எங்கள் வெள்ளி விளக்கைத் திருப்பிக் கேட்டு, போன வாரம் ஆறாவது தடவையாக எங்க ஆத்தாவைக் கோர்ட்டுக்குக் கூட்டிப் போய், மத்தியானம் வரைக்கும் பெஞ்சில் உட்கார வைத்து, வெறுங்கையோடு திரும்பக் கூட்டி வந்தேன். அந்த ஆத்திரத்தில் எழுதுகிறேன். (எங்கள் பக்கம் அம்மாவை ஆத்தா என்போம். வயது 79.)

எங்கள் வீடு காரைக்குடிக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் இருக்கிறது. முன்வாசல் ஒரு தெருவில், பின்வாசல் அடுத்த தெருவில். பங்காளிகள் எல்லாரும் வெளியூர், நான் காரைக்குடியில் கடை வைத்திருக்கிறேன், ஆத்தா மட்டும் அங்கேயே இருப்பேன் என்று இரண்டாங்கட்டில் இருக்கிறார்கள். 2024 ஐப்பசி மழையில் ஒரு ராத்திரி பின்கட்டுக் கதவை நெம்பி உள்ளே வந்திருக்கிறார்கள். ஒரு வெள்ளி விளக்கு, இரண்டு தாம்பாளம், செப்புக் குடம், ஒரு சாக்கு மங்குச் சாமான் போய்விட்டது. ஆத்தாவுக்கு ஒன்றும் ஆகவில்லை, மழைச் சத்தத்தில் தூங்கிவிட்டார்கள். அதுவே எங்கள் அதிர்ஷ்டம்.

போலீஸை மொத்தமாகக் குறை சொல்ல மாட்டேன். முதல் நாள் புகார் வந்தது என்பதற்கான சி.எஸ்.ஆர். ரசீதை மட்டும் கொடுத்து அனுப்பப் பார்த்தார்கள், உச்ச நீதிமன்றம் 2013லேயே லலிதா குமாரி வழக்கில் இந்த மாதிரிக் குற்றத்துக்கு எஃப்.ஐ.ஆர். போட்டே ஆகவேண்டும் என்று சொல்லிவிட்டதை எங்கள் வக்கீல் போனில் எடுத்துச் சொன்ன பிறகு போட்டார்கள். சரி, போட்டார்கள். ஒன்றரை மாதத்தில் ஆளைப் பிடித்து முக்கால்வாசிச் சாமானையும் மீட்டார்கள். ஸ்டேஷனில் மேசை போட்டுப் பரப்பி வைத்து, பின்னால் எல்லாரும் வரிசையாக நின்று போட்டோவும் எடுத்தார்கள். விளக்கில் கரி அப்பியிருந்தது, ஆத்தா முந்தானையால் துடைக்கப் போனார்கள். "தொடாதீங்க ஆச்சி, கேஸ் ப்ராப்பர்ட்டி" என்றார் ஏட்டு. அன்றைக்குத் தள்ளி வைத்த விளக்குதான், இன்னும் ஆத்தா கைக்கு வரவில்லை.

அந்த விளக்கு எது என்று சொல்ல வேண்டும். பர்மாவில் கொண்டுவிற்ற, அதாவது தொழில் செய்த, ஆத்தாவின் அய்யா, 1942இல் ஜப்பான்காரன் வருவதற்கு முன்னால் ரங்கூனிலிருந்து வாங்கி அனுப்பியது. பிறகு ஆத்தா கல்யாணத்தில் சீரோடு சீராக இந்த வீட்டுக்கு வந்தது. அடியில் விலாசம் வெட்டியிருக்கும். எங்கள் பக்கத்துச் சாமான் எல்லாவற்றிலும் இன்ன வீட்டுப் பொருள் என்று இப்படி எழுத்து வெட்டி வைப்பது வழக்கம், களவு போனால் அடையாளம் தெரியட்டும் என்றுதான் அந்தக் காலத்தில் வெட்டியிருப்பார்களோ என்னவோ. அதுவே இப்போது வினையாகிவிட்டது. பொருளைத் திருப்பிக் கேட்டு மனுப் போட்டோம். முதல் தடவை, "வாங்குன பில் இருக்கா?" என்று கேட்டார்கள். ரங்கூன் பில்! இரண்டாவது தடவை அடியில் உள்ள விலாசத்தைப் பார்த்துவிட்டு, "இது உங்க வீட்டுக்காரர் இனிஷியல் இல்லையே, வேற யாரோ பேரால்ல இருக்கு" என்றார்கள். பிறந்த வீட்டுச் சீரில் பிறந்த வீட்டு விலாசம்தானே இருக்கும். அப்படியானால் அந்த வீட்டு வாரிசுச் சான்று, மற்ற வாரிசுகளின் சம்மதம் எல்லாம் கொண்டுவரச் சொன்னார்கள். ஆத்தாவின் தம்பி ஒருவர் மலேசியாவில் ஈப்போவில் இருக்கிறார், அவரிடம் ஒரு விளக்குக்காகத் தூதரகத்தில் போய்க் கையெழுத்து வைத்து அனுப்பச் சொல்லியிருக்கிறோம். சீர் சாமான் எழுதிய பழைய சிட்டையையும் ஆத்தா பெட்டகத்திலிருந்து எடுத்துக் கொண்டுபோய்க் காட்டினார்கள். அதில் விளக்கு இருக்கிறது, எடைகூட இருக்கிறது. "இது பதிவுப் பத்திரம் இல்லையே பாட்டி" என்று பதில் வந்தது. அடுத்த மூன்று தடவை ஒன்று ஐயா லீவு, ஒன்று ஸ்டேஷனிலிருந்து பதில் வரவில்லை, போன வாரம் என்ன காரணம் என்றே யாரும் சொல்லவில்லை. இடையில் இரண்டு பிள்ளையார் நோன்பு வந்து போய்விட்டது. அந்த விளக்கை ஏற்றி வைத்துத்தான் எங்கள் வீட்டில் இழை எடுக்கும் நோன்புச் சடங்கைச் செய்வோம். இரண்டு வருஷமும் ஆத்தா அந்த இடத்தில் வேறு விளக்கை வைக்கவிடவில்லை, ஓர் அகலை ஏற்றினார்கள்.

பிடிபட்ட ஆள் ஜாமீனில் வந்துவிட்டார். கோர்ட் வாசலில் எங்களுக்குப் பக்கத்தில் நின்றுதான் டீ குடிக்கிறார். விளக்குக்குத்தான் ஜாமீன் கிடைக்கவில்லை.

இதற்குச் சட்டம் இல்லை என்றால் பரவாயில்லை, இருக்கிறது. 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பி.என்.எஸ்.எஸ்.ஸின் 497ஆம் பிரிவு என்ன சொல்கிறது? பொருள் கோர்ட்டுக்கு வந்த 14 நாளில் அதன் விவரத்தை எழுத வேண்டும், போட்டோ வீடியோ எடுக்க வேண்டும், அதற்கப்புறம் 30 நாளில் யாரிடம் ஒப்படைப்பது என்று உத்தரவு போட வேண்டும். வழக்கு நடக்கும்போது அந்தப் போட்டோவே சாட்சிக்குப் போதும். இது புதுசும் இல்லை, 2002இலேயே சுந்தர்பாய் அம்பாலால் தேசாய் வழக்கில் உச்ச நீதிமன்றம், பொருளை ஸ்டேஷனில் போட்டு மக்க வைக்காதே, பதினைந்து நாளிலிருந்து ஒரு மாதத்துக்குள் முடி என்று சொல்லிவிட்டது. அந்த முப்பது நாள் தாண்டினால் யார் பதில் சொல்வது என்பதுதான் எங்கும் எழுதப்படவில்லை. அதை எழுதுங்கள் என்றுதான் கேட்கிறேன்.

நீங்கள் பேசுவதோ தண்டனையைக் கூட்டுவது பற்றி. வீட்டில் திருடினால் ஏழு வருஷம் வரை என்று ஏற்கெனவே இருக்கிறது, அதைப் பத்தாக்கினால் ஆத்தாவுக்கு விளக்கு வந்துவிடுமா? இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், மனசில் கிடக்கிறது. 2025 ஜூனில் எங்கள் சிவகங்கை மாவட்டத்தில்தான் மடப்புரம் கோயில் காவலாளி, காரில் வைத்திருந்த நகையைக் காணோம் என்ற புகாரில் விசாரணைக்குக் கொண்டுபோகப்பட்டு, போலீஸ் அடித்ததில் செத்துப்போனார். போலீஸ்காரர்கள் கைதானார்கள், வழக்கு சி.பி.ஐ.க்குப் போனது. அந்தச் செய்தியைக் கேட்ட அன்றைக்கு ஆத்தா, "நம்ம கேசுல யாரையும் அடிச்சிருக்க மாட்டாகள்ல?" என்று கேட்டார்கள். எனக்குப் பதில் தெரியவில்லை. களவு கொடுத்தவன் இப்படி ஒரு கேள்வியையும் சுமக்க வேண்டியிருக்கிறது. 'கடுமையான நடவடிக்கை' என்று அவையில் மேசையைத் தட்டும்போது, எங்களைப் போன்றவர்கள் பெயரைச் சொல்லித் தட்டாதீர்கள், தயவுசெய்து. நாங்கள் கேட்டது ஒரு ரசீது, ஒரு தேதி, எங்கள் பொருள்.

கோபத்தில் எங்கோ போய்விட்டேன், மன்னிக்கவும். மத்தியச் சட்டம், நாங்கள் என்ன செய்ய முடியும் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். குற்றவியல் நடைமுறை, மத்தியும் மாநிலமும் இரண்டுமே சட்டம் போடக்கூடிய பொதுப் பட்டியலில் இருக்கிறது. பெண்களுக்கு எதிரான குற்றங்களுக்குத் தண்டனையை உயர்த்தி 2025 ஜனவரியில் மாநிலத் திருத்தம் நிறைவேற்றியது நம் சட்டமன்றம்தானே. அதே வழியில் 497க்கும் ஒரு திருத்தம் கொண்டுவந்து, குடியரசுத் தலைவர் ஒப்புதலுக்கு அனுப்பலாம். முப்பது நாளில் பொருள் உடையவர் கைக்குப் போகவில்லை என்றால் காரணத்தை எழுத்தில் தர வேண்டும், தராத அதிகாரி பதில் சொல்ல வேண்டும். பில் இல்லாத பழைய பொருளுக்கு விலாசம், சிட்டை, வீட்டுப் பழைய போட்டோ இவற்றை ஆதாரமாக ஏற்க வேண்டும். திரும்பத் தரும்போது விற்க மாட்டோம், கேட்டால் கொண்டுவந்து காட்டுவோம் என்று எவ்வளவு ரூபாய்க்கு வேண்டுமானாலும் பாண்டு எழுதித் தருகிறோம். ஆத்தா அதை விற்கவா போகிறார்கள்?

மார்கழியில் அடுத்த பிள்ளையார் நோன்பு. அதற்குள் இந்தத் திருத்தம் பற்றி அவையில் ஒருவராவது எழுந்து கேட்க வேண்டும் என்று பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். அதுவரைக்கும் ஒரு சின்ன உதவி. சாமான்கள் வைத்திருக்கும் அறையில் மேற்கு மூலையில் ஒழுகுகிறது, போன வாரம் கதவு திறந்திருந்தபோது பார்த்தேன். விளக்கை அங்கேயிருந்து நகர்த்தி, ஒரு துணி சுற்றி வைக்கச் சொல்லுங்கள். துணியை நாங்களே கொண்டுவந்து தருகிறோம்.

இப்படிக்கு,
காரைக்குடியிலிருந்து ஒரு கடைக்காரன்