நாட்டு மருந்துக் கடைக்காரர்களுக்கு: கீழாநெல்லியைப் பொடியாக விற்காதீர்கள்

வணக்கம்.

கீழாநெல்லிப் பொடி என்று பொட்டலம் போட்டுவிட்டால் உள்ளே எந்தச் செடி இருக்கிறது என்று விற்பவருக்கும் தெரியாது, வாங்குபவருக்கும் தெரியாது. வேரோடு காய்ந்த முழுச்செடியாக வாங்குங்கள். அப்படியே விற்பனைக்கும் வையுங்கள்.

இலைக்கடியில் காய் இருந்தாலே கீழாநெல்லி என்று பறித்துவிடுகிறார்கள். அதைப்போலவே தோன்றும் வேறொரு செடியான சிவப்புக் கீழாநெல்லிக்கும் காய் அங்கேதான். அசல் செடியின் காய் வழுவழுப்பாகச் சிறு காம்பில் தொங்கும். சிவப்பில் காம்பே இல்லாததுபோல் ஒட்டிக்கொண்டு, மேல்தோல் சொரசொரக்கும். சந்தேகம் வந்தால் காயை உள்ளங்கையில் நசுக்கி, விதையை லென்ஸில் பாருங்கள். முதுகில் கோடுகள் நெடுக்காக ஓடினால் அசல், குறுக்கே ஓடினால் சிவப்பு. இன்னொரு ஒத்த செடியான மேலாநெல்லியைப் பிரிப்பது சுலபம்: இலை அடிப்பக்கம் குறுகி ஆப்பு மாதிரி இருக்கும். களைக்கொல்லி அடித்த வரப்பில் பறித்தது எந்தச் செடியானாலும் வேண்டாம்.

கீழாநெல்லியின் முக்கிய வேதிப்பொருள்களான பில்லாந்தின், ஹைப்போபில்லாந்தின் என்ற லிக்னான்கள் பெரும்பாலும் இலையில்தான், தண்டில் சொற்பம். வெயிலில் மொறமொறவென்று காயவைத்து உதறிக் கட்டினால் இலை களத்தோடு போய்விடும், கடைக்கு வருவது வெறும் குச்சி. நிழலில் துணி விரித்துக் காயவைத்து, உதிர்ந்த இலையையும் சேர்த்துக் கட்டச் சொல்லுங்கள். ஈரத்தோடு கட்டினால் நடுவில் பூஞ்சை பிடிக்கும். கட்டைப் பிரித்துப் பார்க்காமல் காசு கொடுக்காதீர்கள். இந்த லிக்னான்கள் தண்ணீரில் எளிதில் கரைவதில்லை. கஷாயத்தில் இறங்குவது பெரும்பாலும் துவர்ப்புப் பொருள்களே. பச்சைச் செடியை அரைத்து மோரில் கலக்கும் வீட்டு வழக்கத்தில் இலையே உள்ளே போகிறது.

'காமாலைக்குக் கைகண்ட மருந்து' என்ற பலகையைக் கழற்றிவிடுங்கள். 1988-இல் லான்செட் மருத்துவ இதழில் வந்த சென்னை ஆய்வில், கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி கிருமியைச் சுமந்தவர்களுக்கு 200 மில்லிகிராம் பொடி தினம் 3 வேளை, 30 நாள் தரப்பட்டது. 37 பேரில் 22 பேரின் ரத்தத்தில் கிருமியின் அடையாளப் புரதம் மறைந்தது. இதை எல்லோரும் சொல்கிறார்கள். பிறகு வேறிடங்களில் செய்த ஆய்வுகளில் அந்தப் பலன் கிடைக்காததை யாரும் சொல்வதில்லை. ஹெபடைடிஸ் ஏ காமாலையோ பெரும்பாலும் சில வாரங்களில் தானாகவே இறங்கும். பெயர் மட்டும் மருந்துக்குப் போகிறது.

பித்தக்குழாயில் கல் அடைத்திருந்தால் எந்த இலையும் அதை நகர்த்தாது. காமாலைக்கு வாங்க வருபவரிடம், மலம் வெளுத்திருக்கிறதா, உடம்பு அரிக்கிறதா, ஆள் உளறுகிறாரா, ஈறில் ரத்தம் கசிகிறதா என்று கேளுங்கள். ஒன்றுக்கு ஆமாம் என்றாலும் கட்டைக் கொடுக்காமல் உடனே மருத்துவமனைக்கு அனுப்புங்கள்.

இப்படிக்கு,
மூலிகைத் தாவரவியலும் வேதியியலும் பயின்ற சிலர்