9-ஆம் பக்கம்

அன்புள்ள கண்ணு,

கார் பந்தய அணி கொடுத்ததாக நீ அனுப்பிய ஒப்பந்தத்தை இரண்டு முறை படித்துவிட்டேன். 14 பக்கம். இங்கிலீஷ் எனக்கு அங்கங்கே தடுக்கும்தான். ஆனால் சார்பதிவாளர் ஆபீஸ் வாசலில் 31 வருஷம் பத்திரம் எழுதியவனுக்கு எங்கே நிற்க வேண்டும் என்று தெரியும். 9-ஆம் பக்கத்தில் நின்றுவிட்டேன்.

அடுத்த சீசன் பணம் முழுவதையும் இந்த டிசம்பருக்குள் கட்ட வேண்டுமாம். வண்டியில் யார் உட்காருவது என்பது மட்டும் அணியின் விருப்பமாம். பணம் நம்முடையது, விருப்பம் அவர்களுடையது.

கீடோ வான் டெர் கார்டே என்கிற எஃப்1 (ஃபார்முலா 1) ஓட்டுநரின் கதை உனக்குத் தெரிந்திருக்கும். 2015-இல் சவுபர் அணியில் ஓட்ட அவரிடம் ஒப்பந்தம் இருந்தது. அந்த சீசனுக்கான ஸ்பான்சர் பணம் முழுவதும் 2014 முதல் பாதியிலேயே அணிக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது என்று அவரே பிறகு சொன்னார். அணி பணக் கஷ்டத்தில் இருந்ததாம், நல்லெண்ணத்தில் கொடுத்தாராம். ஆனால் சவுபர் இவரை விட்டுவிட்டு எரிக்சன், நாஸர் என்ற வேறு இரண்டு ஓட்டுநர்களை எடுத்துக்கொண்டது. இவர் மெல்போர்னில் விக்டோரியா உச்ச நீதிமன்றத்துக்குப் போனார், ஜெயித்தார். அணி மேல்முறையீடு செய்தது, அதிலும் இவரே ஜெயித்தார். எரிக்சனின் பந்தய உடையை மாட்டிக்கொண்டு பிட்டில் (வண்டிகளைத் தயார் செய்கிற இடத்தில்) வந்து நின்றார். வெள்ளிக்கிழமை முதல் பயிற்சியில் சவுபர் இரண்டு வண்டிகளையுமே வெளியே எடுக்கவில்லை. கடைசியில் நஷ்டஈடு வாங்கிக்கொண்டு ஒதுங்கினார். அதற்குப் பிறகு எஃப்1 பந்தயம் ஒன்றில்கூட அவர் ஓட்டவில்லை.

நம்ம ஊரில் இதை எத்தனை பார்த்திருக்கிறேன்! 'ஆண்டு அனுபவித்துக்கொள்ள வேண்டியது' என்று நானே என் கையால் எழுதிக் கொடுத்திருப்பேன். கோர்ட் டிகிரியும் கையில் இருக்கும். ஆனால் நிலத்தில் அடுத்தவன் மாட்டுக்கொட்டகை போட்டு உட்கார்ந்திருப்பான். நிலமாவது அங்கேயே கிடக்கும் சாமி, பேரனாவது அனுபவிப்பான். உனக்கு ஒரு சீசன் போனால் போனதுதான்.

இன்னொன்று. இங்கிலீஷில் அந்தச் சின்னச் சின்ன வார்த்தைகளை நாம் கண்டுகொள்வதே இல்லை. 1991-இல் ஷூமாக்கர் ஜோர்டான் அணிக்காக பெல்ஜியத்தில் ஸ்பாவில் முதல் எஃப்1 பந்தயம் ஓட்டினார். இரண்டே வாரத்தில் இத்தாலியில் மோன்ஸாவில் பெனட்டன் என்ற வேறு அணியின் வண்டியில் இருந்தார். ஜோர்டானுக்கு முன்கூட்டிக் கொடுத்த கடிதத்தில் 'அந்த ஒப்பந்தத்தில் கையெழுத்திடுவேன்' என்று இருந்ததை அவர் தரப்பு 'ஒரு ஒப்பந்தத்தில்' என்று மாற்றிவிட்டது என்பார்கள் ஜோர்டான்காரர்கள். ஒரு ஒப்பந்தம் என்றால் எந்த ஒப்பந்தமும்தானே? லண்டன் கோர்ட்டும் அவர்களுக்குக் கைகொடுக்கவில்லை.

இந்த மாதிரி இழுபறிக்கெல்லாம் பிறகுதான் எஃப்1-இல் ஒப்பந்தங்களைப் பதிந்து, தகராறு வந்தால் எது செல்லும் என்று சொல்ல ஜெனீவாவில் ஒரு குழு வந்தது. கிட்டத்தட்ட நம்ம வில்லங்கம் போட்டுப் பார்க்கிற கணக்கு. 2022-இல் தாங்கள் வளர்த்துவிட்ட பியாஸ்ட்ரி என்ற இளம் ஓட்டுநரை அடுத்த வருஷம் தங்கள் ஓட்டுநர் என்று ஆல்பைன் அணி அறிவித்தது. 'நான் கையெழுத்தே போடவில்லை' என்றார் அவர். அப்போது எனக்கு அந்தப் பையன் மேல் கோபம்தான், வளர்த்துவிட்டவர்களை இப்படியா விடுவது என்று. அப்புறம் அந்தக் குழுவின் தீர்ப்பு வந்தது: ஜூலை 4-ஆம் தேதி மெக்லாரன் அணியோடு போட்டது மட்டும்தான் செல்லும். ஆல்பைன் மாதக்கணக்கில் காகிதத்தை முடிக்காமல் இழுத்திருக்கிறது. டோக்கன் கொடுத்ததோடு கிரயம் முடிந்துவிட்டதாக நினைத்துக்கொள்கிறவர்கள் இங்கேயும் உண்டு. கோபம் போய்விட்டது.

உன் ஒப்பந்தத்தில் அப்படி ஒரு குழுவின் பெயர் எங்கும் இல்லை. தகராறு வந்தால் அணி இருக்கிற நாட்டுக் கோர்ட்டுக்குத்தான் போக வேண்டும். அங்கே வக்கீல் வைக்க நம்மால் ஆகாது. அதனால் பணத்தைத் தவணையாகக் கேள், பந்தயத்துக்குப் பந்தயம். சீட் இல்லையென்றால் எத்தனை நாளில் திருப்பித் தருவார்கள் என்பதையும் எழுதச் சொல். முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.

அப்புறம், நீ போனில் சாதாரணமாகச் சொன்னாயே, இப்போது அந்த வண்டியை ஓட்டுகிற பையனை நீக்கிவிட்டுத்தான் உன்னை எடுக்கிறார்கள் என்று, அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. ஷூமாக்கருக்காக பெனட்டன் இறக்கிவிட்டது ராபர்ட்டோ மொரேனோவை. அவரும் இத்தாலியில் கோர்ட்டுக்குப் போய்த் தடை வாங்கினார், பிறகு பணம் கொடுத்துத்தான் முடித்தார்கள். அந்தப் பையனுக்குச் சேர வேண்டியதைக் கொடுத்தார்களா, அவன் விலகிக்கொள்வதாக எழுதிக் கொடுத்துவிட்டானா என்று கேள். அவனிடமே நேரில் கேட்டாலும் தப்பில்லை.

பணம் தருகிற திருப்பூர் முதலாளி இரண்டு தடவை கூப்பிட்டுவிட்டார். செக் ரெடியாம். இன்னும் போய் வாங்கவில்லை. 9-ஆம் பக்கம் மாறி வரட்டும், அன்றைக்கே பஸ் ஏறுகிறேன்.

அன்புடன்,
அப்பா