சேற்றைச் சலித்துத் தந்த அக்காவுக்கும், கூட நின்ற எல்லாருக்கும்

தாராவி, சயான், மாட்டுங்கா, மாஹிம் பக்கத்து அண்ணாச்சிமார்களே, அக்காமார்களே, தம்பி தங்கைகளே,

வணக்கம். அந்த மழையைப் பற்றி உங்களுக்கு நாங்கள் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. யார் வீட்டில் எத்தனை படி தண்ணீர் ஏறியது என்று ஊருக்கே தெரியும். நாங்கள் சேர்த்து வைத்த குட்டிப் பொம்மைகளின் அறை தரைத்தளத்தில் இருந்ததும் தெரியும். குட்டிப் பொம்மைகளில் பெரும்பாலானவை பிழைத்துவிட்டன. இன்னும் மின்விசிறிக் காற்றில் காய்ந்துகொண்டிருக்கின்றன. எல்லாம் அடுக்கி முடித்த பிறகு எழுதலாம் என்று தள்ளிப்போட மனம் வரவில்லை. அதனால் இந்த மடல்.

முதல் நன்றி, பெரிய நன்றி, 13ஆம் காம்பவுண்டில் பிளாஸ்டிக் பிரிக்கும் வேலை செய்யும் அக்காவுக்கு. பெயர் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அவரை யாரும் கூப்பிடவில்லை. வேலை முடிந்து வீட்டுக்குப் போகிற வழியில் வாசலில் எட்டிப் பார்த்தார். பெரிய பொம்மைகளை எல்லாரும் பொறுக்கி எடுத்தாகிவிட்டது. அடியில் தேங்கிய சேற்றை வாளியில் அள்ளி வெளியே கொட்டப் போகிற நேரம். “ஏ, சேத்தக் கொட்டிராதிய. சின்ன மால் பூராவும் அதுலதான் கெடக்கும்” என்றார். பையைக் கீழே வைத்தார், சேலையைச் செருகிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

அந்த ஒரு சொல்லின் மதிப்பு பொம்மை சேர்ப்பவர்களுக்குத்தான் முழுசாகப் புரியும். ஃபன்ஸ்கூல் கம்பெனியின் ஜி.ஐ.ஜோ என்ற பட்டாள வீரன் பொம்மை இன்றைக்கும் மும்பையின் பழம்பொருள் சந்தையான சோர் பஜாரில் கிடைப்பான். அவன் துப்பாக்கியும் முதுகுப் பையும் கிடைக்காது. லெகோ கட்டைகளோடு வரும் மினிஃபிகர் ஆள் மொத்தமே 4 செ.மீ. உயரம். அதன் கை தனித் துண்டு, அரிசியை விடக் கொஞ்சம் பெரியது. தொப்பி, வாள், கேடயம், ஸ்மர்ஃப் என்ற நீலக் குள்ளன் பொம்மை கையில் பிடிக்கும் குட்டிச் சாமான் என்று ஒவ்வொன்றும் சேற்றோடு போனால் போனதுதான். ஆள் மட்டும் மிஞ்சினால் அலமாரியில் நிற்கும், ஆனால் முழுசாக இருக்காது.

அக்கா அதை எப்படிச் செய்தார் என்று விவரமாக எழுதுகிறோம். இனி எந்த வீட்டில் தண்ணீர் ஏறினாலும் இது உதவும்.

சேற்றைக் காயவிடவில்லை. காய்ந்தால் கட்டி பிடிக்கும். கட்டியை உடைக்கும்போது உள்ளே இருக்கும் மெல்லிய வாளும் சேர்ந்து உடையும். ஈரமாகவே, ஒவ்வொரு கிண்ணமாக எடுத்து, முதலில் மணல் சலிக்கும் பெரிய கண் சல்லடையில் போட்டு மேலிருந்து மெதுவாகத் தண்ணீர் ஊற்றச் சொன்னார். சல்லடையை ஆட்டக் கூடாது, தண்ணீர்தான் சேற்றைக் கரைக்க வேண்டும். கீழே இறங்கியதை அரிசிச் சல்லடையில் இரண்டாம் முறை. மாவுச் சல்லடை வேண்டாம், அது உடனே அடைத்துக்கொள்ளும். சல்லடையில் நின்றதை ஒரு தாம்பாளத்தில் பரப்பினார். பங்கார் கடைக்காரர்கள், அதாவது பழைய சாமான் வாங்குபவர்கள், கையோடு வைத்திருக்கும் காந்தத்தை ஒரு பிளாஸ்டிக் பைக்குள் போட்டு மேலே ஒருமுறை ஓட்டினார். ஜி.ஐ.ஜோ வீரர்களின் முதுகுத் திருகாணிகள் பையில் ஒட்டிக்கொண்டு வந்தன. பையை உள்வெளியாகத் திருப்பினால் எல்லாம் ஒரே இடத்தில் விழும். காந்தத்தை நேராக ஓட்டினால் துருவும் மண்ணும் அதில் அப்பிக்கொள்ளும், சின்னத் திருகாணியைத் தனியே பிய்க்க முடியாது. மிச்சத்தைத் தண்ணீர் வாளியில் போட்டதும் கல் கீழே போனது, இலையும் தக்கையும் மேலே வந்தன. நடுவில் தவழ்ந்தவற்றை விரலால் எடுத்தார்.

அதோடு போயிருக்கலாம். அவர் போகவில்லை. பொம்மைக் குவியலைப் பார்த்து, “இது எல்லாத்தையும் ஒண்ணாப் போட்டு வைப்பிகளோ?” என்று கேட்டார். கேட்டுக்கொண்டே பிரிக்க ஆரம்பித்துவிட்டார். நாங்கள் பொம்மையை எடுத்தால் முதலில் தேடுவது கம்பெனி முத்திரை, பிறகு வருஷம், பிறகு வர்ணம். அவர் கை தேடியது என்ன பிளாஸ்டிக் என்பதை. நகத்தால் கீறிப் பார்த்தார். மெழுகுபோல வழுக்கினால் பாலிப்ரொப்பிலீன் அல்லது பாலிஎத்திலீன். தரையில் லேசாகத் தட்டினார். உலோகம்போலக் கணீர் என்றால் பாலிஸ்டைரீன். அழுத்தினால் ரப்பர்போல அமுங்கி மீண்டால் மெத்து பிவிசி. சந்தேகம் வந்தவற்றுக்கு இரண்டு வாளி. ஒன்றில் வெறும் தண்ணீர், மற்றதில் லிட்டருக்கு 200 கிராம் கல்லுப்பு கரைத்த தண்ணீர். வெறும் தண்ணீரில் மிதப்பவை பாலிப்ரொப்பிலீனும் பாலிஎத்திலீனும். அதில் மூழ்கி உப்புத் தண்ணீரில் மேலே வருபவை பாலிஸ்டைரீனும் ஏபிஎஸ் என்ற கெட்டிப் பிளாஸ்டிக்கும். இரண்டிலும் அடியில் கிடந்தால் அநேகமாக பிவிசி. உள்ளே கூடாக இருக்கும் பொம்மைக்கு இந்தச் சோதனை செல்லாது, அடைபட்ட காற்று அதை மிதக்க வைத்துவிடும். சோதனை முடிந்ததும் நல்ல தண்ணீரில் அலசாமல் விட்டால் உப்புப் பூத்து, திருகாணி துருவேறும். நெருப்பில் காட்டிப் பார்க்கும் வழக்கம் இந்தத் தொழிலில் உண்டு. அக்கா பொம்மையில் அதைச் செய்ய விடவில்லை, பிவிசி புகை நெஞ்சைக் கரிக்கும் என்றார். அது ஹைட்ரஜன் குளோரைடு கலந்த புகை; அவர் சொன்னது முழு உண்மை.

பிரிப்பது ஏன் இவ்வளவு முக்கியம் என்றால், பிவிசியை மெத்தென்று ஆக்கச் சேர்க்கும் எண்ணெய் போன்ற பிளாஸ்டிசைசர் வருஷக்கணக்கில் வெளியே கசிந்துகொண்டே இருக்கும். பொம்மை பிசுபிசுப்பது அதனால்தான். அது பக்கத்தில் இருக்கும் பாலிஸ்டைரீனுக்குள் ஊறி அதை இளக்கிவிடும். ஸ்மர்ஃப் ஒன்றைத் தெர்மாகோல் மீது பல மாதம் நிற்க வைத்துப் பாருங்கள், பாதத்தின் அச்சு குழியாக விழுந்திருக்கும். தெர்மாகோலும் பாலிஸ்டைரீன்தானே. அதே எண்ணெயைத் தின்று பூஞ்சையும் வளரும், மும்பையின் ஆடி ஆவணி ஈரத்தில் கேட்கவே வேண்டாம். அக்கா பிரித்து வைத்த குவியல்களை அப்படியே தனித்தனி டப்பாக்களில் வைத்திருக்கிறோம். டப்பாவின் அடியில் முக்கோணத்துக்குள் 5 என்று போட்டிருக்கும் பாலிப்ரொப்பிலீன் டப்பாக்கள் மட்டும். ரப்பர் பேண்ட் கிடையாது, செய்தித்தாள் கிடையாது. அச்சு மை மெத்து பிவிசியில் ஏறினால் இறங்காது, ஸ்மர்ஃபின் வெள்ளைத் தொப்பிகளுக்கு அதுதான் பெரிய எதிரி.

இதை எழுதும்போது ஒரு விஷயம் மனதை விட்டுப் போகவில்லை. வீட்டில் வேண்டாம் என்று போட்ட பொம்மை, பங்கார்காரர் கோணியில் ஏறி, தாராவிக்கு வந்து, அரவை இயந்திரத்துக்குப் போகும் முன் ஒரு பெண்ணின் கை வழியாகத்தான் போகிறது. அந்தக் கை ஒரு கணம் நின்று “இது நல்லா இருக்கே” என்று ஒதுக்கி வைத்தால்தான் வெள்ளிக்கிழமை காலை சோர் பஜாரின் மட்டன் தெருவில் நடைபாதைத் துணிமேல் அது நமக்குக் கிடைக்கும். ஒதுக்காவிட்டால் குருணையாகிவிடும். 1990களின் ஜி.ஐ.ஜோ, லியோ கம்பெனியின் ஹீ-மேன் வீரன், மெக்டொனால்ட்ஸ் ஹேப்பி மீல் பொம்மை என்று நாங்கள் பெருமையாகக் காட்டுகிற பலதும் ஏதோ ஒரு அக்கா ஒதுக்கி வைத்ததுதான். நாங்கள் எழுதும் சீட்டில் கம்பெனி இருக்கும், முத்திரையில் உள்ள உரிமை வருஷம் இருக்கும் (அது வடிவத்துக்கு உரிமை வாங்கிய வருஷம், பொம்மை செய்த வருஷமாகவே இருக்க வேண்டியதில்லை), எந்தச் சந்தையில் வாங்கியது என்றும் இருக்கும். ஒதுக்கி வைத்த கையைப் பற்றி ஒரு வரி இருந்ததில்லை. இனி இருக்கும். பங்கார் வழி வந்த ஒவ்வொரு பொம்மைக்கும் எந்தக் கோடவுனில், யார் கையில் பிழைத்தது என்று, அவர்கள் சம்மதித்தால் பெயரோடு, சம்மதிக்காவிட்டால் தொழிலோடு எழுதுவோம். அவர்களிடம் வாங்கும்போது எடைக்கு விலை பேச மாட்டோம், பொம்மைக்கு இவ்வளவு என்றே கொடுப்போம். இது எல்லார் முன்னாலும் சொல்லும் வாக்கு.

மற்ற எல்லாருக்கும் சேர்த்து நன்றி சொல்கிறோம். வரிசையில் பின்னால் வருவதால் உதவி சிறியது என்று யாரும் நினைக்க வேண்டாம். கையுறையும் ரப்பர் பூட்ஸும் கொடுத்துவிட்டு, போடாமல் யாரையும் உள்ளே விடாத தம்பிகளுக்கு நன்றி. வெள்ளத் தண்ணீரில் எலிக்காய்ச்சல் பயம் உண்டு, காலில் சின்னக் கீறல் போதும். மருந்துக் கடை அண்ணன் ஊசி இல்லாத 10 மி.லி. சிரிஞ்சுகள் ஒரு பெட்டி தந்தார். லெகோ தலையின் உச்சிக் குமிழ்த் துளையிலும் கால் குழியிலும் அடைந்த சேற்றைப் பீய்ச்சி எடுக்க அதைப் போல வேறு கருவி இல்லை. அந்த வேலையில் மினிஃபிகர் கைகளைத் தோளோடு பிடுங்காமல் பொறுமையாகச் செய்த பள்ளிப் பிள்ளைகளுக்குத் தனி நன்றி. பிடுங்கினால் அக்குள் பக்கம் மேலுடம்பு விரிசல் விடும்.

மாட்டுங்கா லேபர் கேம்ப் வீடுகளிலிருந்து துளை போட்ட இட்லித் தட்டுகள் வந்தன. ஒரு குழிக்கு ஒரு ஆள், அவனுடைய சாமான் அவனோடு, தண்ணீர் தானாக வடியும். ஜி.ஐ.ஜோவைப் பிரித்துக் காயவைக்க இதைவிட வசதி கிடையாது. முதுகுத் திருகாணியைக் கழற்றி, இடுப்பில் காலையும் உடலையும் பிடித்திருக்கும் கருப்பு ரப்பர் வளையத்தை எடுத்து, துண்டு துண்டாக உலர்த்த வேண்டும். மூடியபடி விட்டால் உள்ளே தேங்கிய ஈரத்தில் திருகாணி துருப்பிடித்து, கறை பிளாஸ்டிக்கில் இறங்கிவிடும். ஒருவனின் திருகாணி மற்றவனுக்குப் போகக் கூடாது, நீளம் மாறினால் மரை போய்விடும். பழைய வளையங்கள் பலதும் தொட்டாலே அறுந்தன. நாக்தேவி தெருவிலிருந்து நைட்ரைல் வளையம் அளந்து வாங்கி வந்த அண்ணாச்சி வெர்னியர் அளவுகோலோடு போனார், அதுதான் சரி. கண் அளவில் வாங்கினால் ஒன்று தடித்து கால் மடங்காது, இல்லை மெலிந்து இடுப்பு தொய்யும்.

ப்ளீச்சிங் பவுடர் கொண்டுவந்தவர்களுக்கும் நன்றி. அதைத் தரைக்கும் சுவருக்கும் போட்டோம். பொம்மைக்கு அல்ல, குளோரின் வர்ணத்தை வெளுக்கும், திருகாணியை அரிக்கும். பொம்மைக்கு ஒரு வாளி ஆறிய தண்ணீரில் சில சொட்டு பாத்திரம் கழுவும் திரவமும் குழந்தை பல் துலக்கும் பிரஷும் போதும். அச்சிட்ட முகத்தில் பிரஷ் வேண்டாம், விரல் நுனி போதும். தின்னரும் நகப்பூச்சு அழிப்பானும் அறைக்குள்ளேயே வரக் கூடாது, ஏபிஎஸ்ஸும் பாலிஸ்டைரீனும் கரைந்துவிடும். வெயிலில் வைக்கச் சொன்ன பெரியவர்களின் அக்கறைக்கு வணக்கம். நிழலும் மின்விசிறியுமே போதும், வெயில் வெள்ளையை மஞ்சளாக்கும், மெல்லிய வாளை வளைக்கும். வளைந்துபோன பிவிசி வாள்களைச் சுடுதண்ணீரில் சில நொடி முக்கி, நேராகப் பிடித்து, ஐஸ் தண்ணீரில் போட்டு நிமிர்த்தித் தந்த தங்கைக்கும், லண்டனில் தொண்டுக் கடைகளின் பலதும் கலந்த பொம்மைப் பைகளைக் கிளறி எங்களுக்குக் குறைந்த தொப்பிகளைத் தேடிக்கொண்டிருக்கும் தம்பிக்கும் நன்றி.

கிண்டர் முட்டைக்குள் வரும் காகிதச் சீட்டுகள் போய்விட்டன. அவற்றின் படம் யாரிடமாவது இருந்தால் குறியீட்டு எண் தெரியும்படி அனுப்புங்கள், பொம்மையோடு சேர்த்துவிடலாம். இன்னும் கிடைக்காதவை: ஜி.ஐ.ஜோ முதுகுப் பைகள் சில, லெகோ மஞ்சள் கைகள், நீல ஸ்மர்ஃபின் ஊதுகுழல். சாக்கடை ஓரத்திலோ மாடிப்படி இடுக்கிலோ கண்ணில் பட்டால் வெறும் கையால் எடுக்காதீர்கள், தேய்க்காதீர்கள். ஒரு மூடியில் தண்ணீரோடு போட்டு, மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைகள் கைக்கு எட்டாமல் வைத்து, எங்களுக்குச் சொல்லி அனுப்புங்கள். வந்து வாங்கிக்கொள்கிறோம்.

நன்றியுடன்,
தாராவி குட்டிப் பொம்மை சேகரிப்பவர்கள்