காதுகுத்துக்கு வருகிறார், சரி

ஐயா,

எங்கள் ஊர் பேருந்து நிழற்குடையில் எம்.எல்.ஏ. பெயர் ஓர் ஆள் உயரத்துக்கு எழுதியிருக்கிறது. உட்காரும் பலகையில் பாதியைக் காணோம். காதுகுத்து, கல்யாணம், துக்க வீடு எதற்கும் அவர் தவறாமல் வந்துவிடுவார். அப்புறம் ஏன் ஓட்டு விழாது?

சட்டசபையில் அவர் பேசாததற்கு அவரை மட்டும் குறை சொல்லவும் முடியவில்லை. 1985-இல் வந்த கட்சித் தாவல் தடைச் சட்டப்படி, இப்படித்தான் வாக்களிக்க வேண்டும் என்று கட்சியின் கொறடா இடும் உத்தரவை மீறி சபையில் வாக்களித்தால் பதவியே போகலாம். ஆனால் கேள்வி நேரத்தில் தொகுதிக்காக வாய் திறப்பதை அந்தச் சட்டம் தடுக்கவில்லையே!

அவர் ஐந்தாண்டில் கேட்ட கேள்விகள், சபைக்கு வந்த நாட்கள், தொகுதி மேம்பாட்டு நிதியில் எதற்கு எவ்வளவு போனது என்பதையெல்லாம் தேர்தலுக்கு முன் தொகுதிவாரியாக நீங்கள் அச்சிட வேண்டும். காதுகுத்துக் கணக்கு எங்களிடமே இருக்கிறது.

இப்படிக்கு,
ஒரு வாசகர்