ஒரு சிவப்பு வட்டம் குறித்து

ஆங்கில விடைத்தாள் மதிப்பீட்டுக் குழுவினருக்கு வணக்கம்.

என் மகளின் மறுமதிப்பீட்டு விண்ணப்பம் இரண்டு முறை உங்களிடம் வந்து, இரண்டு முறையும் 'மாற்றம் இல்லை' என்று திரும்பிவிட்டது. அதனால் முதலிலிருந்து சொல்லவில்லை. கூட்டத்தை வெள்ளிக்கிழமைக்குப் பதில் புதன்கிழமையே வைக்கலாமா என்று கேட்கும் கடிதத்தில் முன்கூட்டியே வைப்பது என்ற பொருளில் அவள் 'ப்ரீபோன்' (prepone) என்று எழுதினாள். அதைச் சிவப்பு மையில் வட்டமிட்டு, 'இப்படி ஒரு சொல் ஆங்கிலத்தில் இல்லை' என்று ஓரத்தில் குறித்து, ஒரு மதிப்பெண்ணைக் குறைத்திருக்கிறீர்கள்.

மதிப்பெண் போனால் போகட்டும் என்று பெருந்தன்மையாகச் சொல்ல மாட்டேன், அதுவும் வேண்டும். ஆனால் உறுத்துவது அந்த ஓரக் குறிப்பு. நகல் கைக்கு வந்ததிலிருந்து அவளுக்கு எந்த ஆங்கிலச் சொல்லின் மீதும் நம்பிக்கை இல்லை. நேற்று நாலு வரி விடுப்புக் கடிதம் எழுத ஒரு மணி நேரம் பிடித்தது. வரிக்கு வரி, "அம்மா, இப்படி ஒரு சொல் இருக்கா?" கடைசியில் காய்ச்சலுக்கான சொல்லையே அகராதியில் பார்த்து உறுதி செய்துகொண்டுதான் எழுதினாள்.

அதே அகராதியில் நானும் தேடினேன். ஆக்ஸ்ஃபோர்டு அகராதியில் 'ப்ரீபோன்' இருக்கிறது, பெரும்பாலும் இந்தியாவில் வழங்குவது என்ற குறிப்போடு. 1913-லேயே நியூயார்க் நாளிதழ் ஒன்றில் அச்சாகியிருக்கிறது. தள்ளிவைப்பதைக் குறிக்கும் 'போஸ்ட்போன்' எந்த லத்தீன் வேரிலிருந்து வந்ததோ, அதே வேர்தான் இதற்கும். முன்னொட்டு மட்டும் வேறு. அலுவலகக் கடிதத்துக்குப் பொருந்தாத சொல் என்று நீங்கள் எழுதியிருந்தால் நான் வாயைத் திறந்திருக்க மாட்டேன். அது ஒரு கருத்து, விவாதிக்கலாம். 'இல்லை' என்பது தகவல், அதுவும் தவறான தகவல். 'பொருட்படுத்தாமல்' என்ற பொருளில் 'ரிகார்ட்லெஸ்' என்பதற்குப் பதிலாகச் சிலர் சொல்லும் 'இர்ரிகார்ட்லெஸ்' (irregardless) என்ற சொல்லைக் கேட்டாலே பல்லைக் கடிப்பவர்கள் உண்டு. அதைக்கூட அமெரிக்க அகராதி நிறுவனமான மெரியம்-வெப்ஸ்டர் 1934 முதல் தன் அகராதியில் வைத்திருக்கிறது. தரமற்ற வழக்கு என்று முத்திரை குத்தியிருக்கிறதே தவிர, இல்லை என்று சொல்லவில்லை.

ஆங்கிலத்துக்குக் காவல் போட வேண்டும் என்று 1712-ல் எழுத்தாளர் ஜோனதன் ஸ்விஃப்ட் கேட்டுப் பார்த்தார். நடக்கவில்லை. கும்பலைக் குறிக்கும் 'மாப்' (mob) என்ற சொல்லைக் கண்டால் அவருக்கு ஆகாது. இன்று ஒரு மாணவர் அதைக் கட்டுரையில் எழுதினால் நீங்களே டிக் போடுவீர்கள். நம் 'ஐயோ'வைக்கூட ஆக்ஸ்ஃபோர்டு 2016-ல் சேர்த்துக்கொண்டது. அங்கே கதவு திறந்துதான் இருக்கிறது. இங்கே நாம்தான் யாரும் நியமிக்காத வாயிற்காவலர்களாக நிற்கிறோம். சீமைக்காரரைவிடச் சீமைத்தனமாக இருப்பதில் நமக்கு அப்படி என்ன சுகமோ!

சரி, கோபம் கொஞ்சம் மிஞ்சிவிட்டது, மன்னிக்கவும். நான் கேட்பது இவ்வளவுதான்: அந்த ஒரு மதிப்பெண்ணைத் திருப்பித் தாருங்கள். முடியாது என்றால், அந்தக் குறிப்பையாவது தயவுசெய்து அடித்துவிடுங்கள். ஒரு பெண் மறுபடி பயமில்லாமல் எழுதட்டும்.

அப்புறம், இந்தத் தேர்வை நான்கு நாள் முன்னதாக நடத்தப்போவதாக நீங்கள் அனுப்பிய சுற்றறிக்கையின் நகலை இணைத்திருக்கிறேன். இரண்டாவது வரியைப் பாருங்கள். வட்டம் போட்டிருக்கிறேன், பென்சிலால்தான்.

இப்படிக்கு,
ஒரு தேர்வரின் தாய்