காய்ச்சலோடு பிள்ளையை அனுப்பாதீர்கள்

அன்பான பெற்றோருக்கு வணக்கம்.

ஐப்பசி மழை பிடித்ததிலிருந்து எந்த வகுப்புக்குள் போனாலும் இருமல் சத்தம்தான். ஆறாம் வகுப்பில் ஒரு வரிசையே காலி. மழைக்காலத்தில் இது வழக்கம், பதற வேண்டாம். ஆனால் ஒன்றை மட்டும் சொல்லியாக வேண்டும். காலையில் உடம்பு சுடுகிறது, ஒரு மூடி பாராசிட்டமால் சிரப் கொடுத்து, தலை சீவி அனுப்பிவிடுகிறீர்கள். பிரேயரில் பிள்ளை நன்றாகத்தான் நிற்கிறது. அந்த மருந்து வேலை செய்வதே நாலு முதல் ஆறு மணி நேரம்தான். பதினொரு மணி இன்டர்வெல் முடிந்து வரும்போது முகம் சிவந்து, கண் சொருகி, டெஸ்க்கில் தலை வைத்துப் படுத்துவிடுகிறது. அதற்குள் பக்கத்தில் இருப்பவன், பாட்டிலை வாங்கித் தண்ணீர் குடித்தவன் எல்லோருக்கும் பரப்பியாயிற்று.

இருவரும் வேலைக்குப் போகிற வீட்டில் லீவு போடுவது எவ்வளவு கஷ்டம் என்று தெரியும். இருந்தாலும் மருந்து எதுவும் கொடுக்காமலேயே 24 மணி நேரம் காய்ச்சல் வராமல் இருந்தால்தான் அனுப்புங்கள். வருகைப் பதிவு, விட்டுப்போன பாடம் இரண்டையும் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.

சாதாரண சளியா ஃப்ளூவா என்று நிறைய பேர் கேட்கிறீர்கள். சளி மெதுவாக வரும். முதலில் தும்மல், மூக்கொழுகல், தொண்டையில் கரகரப்பு, ஆனாலும் பிள்ளை ஓடியாடிக்கொண்டே இருக்கும். ஃப்ளூ திடீரென்று படுக்கவைத்துவிடும். மத்தியானம் வரை விளையாடிய பிள்ளைக்கு சாயங்காலம் 102, 103 டிகிரி அடிக்கும், குளிரில் நடுங்கும், கை கால் வலி, தலைவலி, வறட்டு இருமல், பிடித்த சாப்பாட்டைக்கூட வேண்டாம் என்று தள்ளும். சின்னப் பிள்ளைகளுக்கு வாந்தியும் வயிற்றுப்போக்கும் சேர்ந்துகொள்ளலாம். தொற்றிய ஒன்றிலிருந்து நாலு நாளுக்குள் அறிகுறி தெரியும், அதற்கு முந்தின நாளே மற்றவர்களுக்குப் பரவ ஆரம்பித்துவிடும்.

இன்னொன்று, இது டெங்கு சீசனும்கூட. சளி இருமல் இல்லாமல் கடும் காய்ச்சல், கண்ணுக்குப் பின்னால் வலி, உடம்பில் சிவப்புப் புள்ளி என்று இருந்தால் வீட்டு வைத்தியத்தில் நாளை ஓட்டாமல் ரத்தம் பரிசோதித்துவிடுங்கள். டெங்குவில் காய்ச்சல் விட்ட பிறகுதான் ஆபத்து என்பதால், சூடு குறைந்ததும் நிம்மதியாகிவிடக் கூடாது.

சரி, தொண்டைக்கு வருவோம். ஒரு டம்ளர் வெதுவெதுப்பான தண்ணீரில் அரை ஸ்பூன் உப்பு போட்டுக் கொப்பளிக்கச் சொல்லுங்கள், ஒரு நாளைக்கு மூன்று நாலு தடவை. ஒன்றாம் இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் அதை முழுங்கிவிடுவார்கள், அவர்களுக்கு வேண்டாம். ராத்திரி இருமலுக்கு ஒரு ஸ்பூன் தேன் நன்றாகக் கேட்கும் (வீட்டில் ஒரு வயது நிரம்பாத கைக்குழந்தை இருந்தால் அதற்குத் தேன் கொடுக்கவே கூடாது). மிளகு ரசத்தைக் காரம் குறைத்து வைத்து, சாதத்தைக் குழைய வடித்துக் கரைத்துக் கொடுங்கள், மஞ்சளும் பனங்கற்கண்டும் போட்ட பாலும் இதமாக இருக்கும். முழுங்க முடியாமல் அழுகிற பிள்ளைக்கு ஐஸ்கிரீம் கொடுத்தால்கூடத் தப்பில்லை. பாட்டிகள் என்னை மன்னிக்கட்டும், குளிர்ச்சி வலியை மரத்துப்போகத்தான் செய்யும். ஆனால் கொதிக்கிற பாத்திரத்தின் முன்னால் உட்காரவைத்து ஆவி பிடிக்க வைக்காதீர்கள், அது கவிழ்ந்து வெந்துபோகிற பிள்ளைகள் நிறைய.

இருமல் இல்லாமல் தொண்டை மட்டும் கடுமையாக வலித்து, டார்ச் அடித்துப் பார்த்தால் டான்சிலில் வெள்ளைத் திட்டு தெரிந்து, கழுத்தில் நெறி கட்டியிருந்தால் அது பாக்டீரியாவாக இருக்கலாம். அதற்கு டாக்டர் தரும் ஆன்டிபயாடிக்கை சொன்ன நாள் வரை முழுசாகக் கொடுங்கள், பாதியில் விட்டால் சில பிள்ளைகளுக்குப் பின்னால் இதய வால்வு வரை போய் பாதிக்கும். ஃப்ளூ வைரஸுக்கோ ஆன்டிபயாடிக் எதுவும் செய்யாது, போன தடவை மிச்சமிருந்ததை எடுத்துக் கொடுக்காதீர்கள்.

மெடிக்கல் ஷாப்பில் "பிள்ளைக்கு இருமல், ஏதாவது கொடுங்க" என்று வாங்குவதையும் நிறுத்துங்கள். 2025 இல் மத்தியப் பிரதேசத்தில் நச்சு கலந்த இருமல் சிரப் குடித்துக் குழந்தைகள் இறந்தது நினைவிருக்கும், அந்த மருந்து நம் காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரானது. பாராசிட்டமால் சிரப்பிலும் 5 மில்லியில் 120 மில்லிகிராம், 250 மில்லிகிராம் என்று இரண்டு வகை இருக்கிறது, பாட்டிலைப் பார்த்தால் ஒரே மாதிரிதான் இருக்கும். லேபிளைப் படித்து, பிள்ளையின் எடைக்கு டாக்டர் சொன்ன அளவை மட்டும் கொடுங்கள். ஆஸ்பிரின் கூடவே கூடாது.

மூச்சு வாங்குவது, விலா உள்ளிழுப்பது, உதடு நீலமாவது, எழுப்பினாலும் சரியாக விழிக்காமல் கிடப்பது, எட்டு மணி நேரமாகச் சிறுநீர் போகாதது, இதில் எது இருந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்காமல் 108 ஐ அழையுங்கள். சந்தேகம் கேட்க மட்டும் என்றால் 104 இருக்கிறது. ஆஸ்துமா உள்ள பிள்ளைக்கு ஃப்ளூ அறிகுறி தெரிந்தால் முதல் இரண்டு நாளுக்குள் டாக்டரிடம் காட்டிவிடுங்கள், அதற்கான வைரஸ் மருந்து அப்போதுதான் நன்றாக வேலை செய்யும்.

வராத அன்று வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் "காய்ச்சல், வரவில்லை" என்று ஒரு வரி போடுங்கள். நல்லாயிருக்கும் பிள்ளைகளிடம் பெயர் எழுதிய தண்ணீர் பாட்டிலும் ஒரு கைக்குட்டையும் கொடுத்தனுப்புங்கள். பள்ளி நேரத்தில் அழைத்தால் எடுக்கிற மாதிரி ஒரு போன் எண்ணையும் வகுப்பாசிரியரிடம் கொடுத்துவையுங்கள், பாதி எண்கள் ஸ்விட்ச் ஆஃப் என்றே வருகின்றன.

இப்படிக்கு,
தலைமையாசிரியை